விளையாட்டு டீச்சருக்கு எழுதிய முதல் கடிதம்

ரேவதிக்கு,

அம்மா எழுதுவது. முதலில் உன் நலம் கேட்டு, பிறகு என் நலம் சொல்லி, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவது முறை. இந்தக் கடிதம் முழுக்க உன் நலத்தைப் பற்றியது என்பதால் நேராக எழுதிவிடுகிறேன். உன் இதயத்தில் எந்தக் கோளாறும் இருப்பதாக எந்த டாக்டரும் சொன்னதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் தேடி வைக்கச் சொன்ன ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நம் வீட்டில் இல்லை. அது தொலைந்து போகவில்லை, கறையான் அரிக்கவில்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. நீ ஒன்பதாவது படிக்கும்போது உனக்கு இதயம் பலவீனம் என்று சொன்னது நான்தான். பொய்யாகச் சொன்னேன். இதை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பால் காய்ச்சி இறக்கினேன். 

நீ போனில் பேசியது அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, டாக்டரு பழைய பேப்பர்லாம் கேக்கறாங்கம்மா. சின்ன வயசுல ஹார்ட்ல பிரச்சனைன்னு சொன்னேன், உடனே அவங்க மூஞ்சே மாறிடுச்சி. அடுத்த வாரம் ஹார்ட்டுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணுமாம். நீதான் கத்திரிக்கா வாங்குனதக்கூட நோட்டுல எழுதி வெப்பியே, அந்த ரிப்போர்ட் மட்டும் எங்க போயிடப் போவுது? சனிக்கிழம வர்றேன், எடுத்து வை" என்றாய். "தேடறேன்மா" என்றேன். அதோடு வைத்திருந்தாயானால் நான் இன்னும் கொஞ்ச நாள் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். நீ வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளை காதில் விழக்கூடாது என்பது போல, "எனக்கு ஏதாவது ஆயிட்டா குழந்தைய நீ பாத்துக்குவ இல்ல?" என்று கேட்டாய். "வாயக் கழுவுடி" என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் குக்கர் இருந்தது. எத்தனை விசில் வந்தது என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து மாத வயிற்றோடு நாவலூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிச் சாவுக்குப் பயந்துகொண்டு இருக்கிறாய். விசிலை எண்ணும்போது அது எனக்குத் தெரிந்தது.

நேரில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். சனிக்கிழமை நீ வந்து எதிரே உட்கார்ந்தால், நான் காபி போட எழுந்துபோய் விடுவேன். எனக்கு என்னைத் தெரியும். எழுத்தில் என்றால், நான் எழுந்துபோனாலும் எழுதினது அங்கேயே இருக்கும். நான் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன் என்பதும், அதற்கு மேல் படித்ததெல்லாம் உன் புத்தகத்தில் உன்னோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தது என்பதும் உனக்குத் தெரியும். நீ ஆறாவது படித்தபோது நானும் ஆறாவது படித்தேன். நீ எட்டாவதுக்கு வந்தபோதுதான் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றின தேதி, பிரதோஷம், கிருத்திகை எல்லாவற்றையும் முழு வாக்கியமாக எழுதும் அளவுக்கு வந்தேன். அப்படி நானாகக் கற்றுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொருவருக்கு எழுதின முழுக் கடிதம் உன் எஸ்தர் டீச்சருக்கு எழுதினது. அந்தக் கடிதம்தான் பொய். நான் எழுதும் முழுக் கடிதம் இதுதான் இரண்டாவது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த நாளிலிருந்து வருகிறேன். நம் தெருவில் இருந்து செங்கல்பட்டுக்குப் போய்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆள் நீ. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அதனால் நீ இரட்டைச் சடை போட்டு, நீலப் பாவாடை சட்டையோடு திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறும்போது, தெருவே பார்த்தது. சாயங்காலம் வந்ததும் நீ சொல்லும் கதைகளுக்காக நான் உலை வைக்காமல் காத்திருப்பேன். புதன்கிழமை மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் நின்று டிரில் செய்யும், ஒரு பிள்ளை கை தப்பாகத் தூக்கினால் எஸ்தர் டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே திட்டுவார் என்று நீ செய்து காட்டுவாய். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு அணி, நீ பச்சை அணி. இலக்கிய மன்றம், தோட்டக் குழு, சாரணர் படை, ஆண்டு விழா நாட்டியம் எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். "எதுலடி சேராம வந்த?" என்று அப்பா கேட்டதற்கு, "சமையல் போட்டிலப்பா. அதுல அம்மா வந்து சேரட்டும்" என்றாய். அப்பா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒன்பதாவதில் கோ கோ அணிக்கு உன்னை எடுத்தார்கள். நீ சொல்லித்தான் அந்த ஆட்டமே எனக்குத் தெரியும். ஒருநாள் நீ சாப்பாட்டுக் கூடையை மறந்துவிட்டுப் போனாய் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் மணி அடிக்கட்டும் என்று நிறுத்திவிட்டார். கேட்டுக் கம்பி வழியாக மைதானம் தெரிந்தது. எட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நீ வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தாய். பின்னால் ஒருத்தி துரத்துவாள், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி "கோ" என்று கத்துவாள், தட்டு வாங்கினவள் எழுந்து துரத்துவாள். நீ அவளையும் ஏமாற்றிக் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று இந்தப் பக்கம் வந்துவிடுவாய். வாட்ச்மேன் மேசையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம் உன்னை யாராலும் தொட முடியவில்லை. "யார் வூட்டுப் பொண்ணுமா அது, காத்தாட்டம் போவுது?" என்று வாட்ச்மேன் கேட்டார். "என் பொண்ணுதான்" என்று சொன்னேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ ஓடுவதைப் பார்த்தேன் என்பதையே சொல்லவில்லை. பின்னால் சொல்ல முடியாமல் போய்விட்டது.

மாவட்டப் போட்டிக்கு முன்னால் எஸ்தர் டீச்சர் உங்கள் அணியைச் சனிக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கடற்கரை மணலில் ஓடவிட்டார் அல்லவா? மணலில் ஓடினால் மைதானத்தில் கால் பறக்கும் என்பார் என்று நீ சொன்னாய். பாவாடையோடு ஓட முடியாதே, எல்லோருக்கும் முட்டி வரைக்கும் வரும் கால்சட்டை கொடுத்திருந்தார்கள். அங்கேதான் உன் மாமா கல் பட்டறை போட்டிருந்தான். ஓட்டல்காரர்களுக்குப் புத்தர் தலையும் யானையும் செதுக்கிக்கொண்டிருந்த என் தம்பி, ஒரு சனிக்கிழமை டீ குடிக்கக் கடற்கரைப் பக்கம் போனவன் உன்னைப் பார்த்துவிட்டான். பார்த்த மாத்திரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தான். கண் இமையெல்லாம் கல் தூசி. முகம்கூடக் கழுவவில்லை.

"இன்னாக்கா, வூட்ல கண்ணாடி கீதா இல்லியா? பொண்ண டவுசர் மாட்டி வெள்ளக்காரன் முன்னாடி ஓடவுட்டுகினு கீற?"

"ஸ்கூல்ல கூட்டிகினு போறாங்கடா. டீச்சர் கூடவே இருக்காங்க."

"டீச்சரா வந்து நாளைக்கு மாப்ள பாக்கப் போறாங்க? இன்னிக்கோ நாளைக்கோ வயசுக்கு வரப் போற பொண்ணு. தோ பாரு, ஒண்ணு சொல்ட்டுப் பூடறேன். இது இப்டியே ஓடிகினு கெடந்தா, சீர் தூக்கிகினு நான் வர மாட்டேன். வேற எவனயாவது மாமன்னு கூப்டுக்கோ."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். இதைப் படிக்கும் உனக்குச் சிரிப்பாக இருக்கலாம், அல்லது கோபமாக இருக்கலாம். தாய்மாமன் வரிசைத் தட்டோடு வராத சடங்கு எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கம் முழுக்க அதையே பேசும், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை பேசும். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன். அவன் வராவிட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்று ஆகிவிடும். அன்று என் புத்தி அந்த அளவுக்குத்தான் போயிற்று. உன் ஓட்டம் ஒரு பக்கம், இருபத்தொரு தட்டு ஒரு பக்கம். நான் தட்டை எடுத்துக்கொண்டேன்.

எடுத்தபிறகும் நேராகச் சொல்லியிருக்கலாம். "என் தம்பிக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது" என்று எஸ்தர் டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டீச்சரைப் பற்றி எனக்குத் தெரியும். பக்கத்துத் தெரு பத்மாவை அவள் அம்மா நிறுத்திவிட்டபோது, டீச்சர் அவர்கள் வீட்டுக்கே வந்து, முறம் எடுத்து அந்த அம்மாளோடு அரிசி புடைத்துக்கொண்டே பேசி, கடைசியில் அந்த அம்மாளே பிள்ளையின் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டு அனுப்பும்படி செய்துவிட்டார். வெட்கம் என்றால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். சம்பிரதாயம் என்றால் அதற்கும் வைத்திருப்பார். அவர் பதிலே சொல்ல முடியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் உனக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஞாபகம் இருக்கிறதா? அது போதும் என்று தோன்றியது.

உன் தமிழ் இலக்கணப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று தரம் எழுதிப் பார்த்து, பிறகு வெள்ளைத் தாளில் கோடு போட்டு எழுதினேன். "மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, என் மகளுக்கு இதயம் பலவீனமாக உள்ளதாக மருத்துவர் கூறியுள்ளார். ஆகையால் ஓடுதல், குதித்தல் முதலியவற்றிலிருந்து அவளை விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்ததும் என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பொய் எழுதுகிறோம் என்ற பயத்தைவிட, பிழையில்லாமல் எழுதிவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அன்று பெரிதாக இருந்தது.

டீச்சர் உன்னிடம் கேட்பாரே என்று உன்னையும் நம்ப வைக்க வேண்டி வந்தது. ராத்திரிவரை ஒத்திப்போடாமல், நீ வந்து பையை வைத்ததுமே சொன்னேன். "அன்னிக்கு டாக்டர் தனியா கூப்ட்டுச் சொன்னாரும்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. ஓடாம கொள்ளாம இருந்தா போதுமாம்." நீ அழவில்லை. சட்டைக்கு மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தாய். "இப்ப கூட வேகமா அடிக்குதும்மா" என்றாய். பஸ் ஸ்டாண்டில் இருந்து ஓடிவந்திருந்தாய், அதனால் அடித்தது. "ஆமா, அதான்" என்றேன்.

எஸ்தர் டீச்சர் மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். வாதாடவில்லை. நான் எதிர்பார்த்தது போலவே அவரிடம் பதில் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தெரியாம மணல்ல ஓட விட்டுட்டேனேம்மா. பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தம்ளரில் மோர் கொடுத்தேன். அந்த வருஷத்தில் இருந்து எந்தப் பிள்ளையையும் அவர் மணலுக்குக் கூட்டிப்போகவில்லை என்று நீதான் பின்னால் சொன்னாய்.

உன் இடத்தில் பத்மா ஓடினாள். உன் கையில் விசிலும் ஸ்கோர் நோட்டும் கொடுத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். யார் எத்தனை நிமிஷம் ஓடினார்கள், யார் யாரைத் தொட்டார்கள் என்று எழுதி எழுதி நீ பள்ளிக்கூடத்தையே முடித்தாய். ஒரு கதவை மட்டும் சாத்துகிறேன் என்று நினைத்தேன், மற்றதெல்லாம் தானாகச் சாத்திக்கொண்டது. ஆண்டு விழா நாட்டியத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறவர்கள் பக்கத்தில் தட்டு ஏந்தி நின்றாய். சாரணர் முகாமுக்கு உன்னைக் கூட்டிப்போக யாரும் பொறுப்பெடுக்கவில்லை. பாட்டு டீச்சர்கூட, மேல் ஸ்தாயி வேண்டாம், மூச்சு வாங்கும் என்று உன்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். பத்மாவின் அணி மாவட்டத்தில் ஜெயித்துப் போட்டோ எடுத்தார்கள் அல்லவா, அதில் பன்னிரண்டு பேர் அரைக் கால்சட்டையில் நிற்கிறார்கள், நீ ஓரத்தில் தாவணியோடு நோட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் போட்டோவை நீ பீரோவில் ஒட்டினாய். அந்தப் பீரோவில் இருந்துதான் நான் தினமும் புடவை எடுக்கிறேன்.

தை மாதம் நீ வயசுக்கு வந்தாய். மாமா மேளத்தோடு வந்தான். இருபத்தொரு தட்டு என்று நான் நினைத்திருந்தேன், இருபத்தேழு வந்தது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஊர் பார்த்துப் பேசியது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தட்டுகளை எண்ணினது மட்டும்தான் நினைவு இருக்கிறது.

அப்பாவுக்கும் தெரியாது. கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை முடித்து வந்தவர், மறுநாள் காலை உன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடந்தார். நான்கு வருஷம் தூக்கினார். ஒருமுறை, "பெரிய டாக்டர் யார்ட்டயாவது காட்டலாமா? மெட்ராஸ்ல எங்க ஆபீசர் ஒருத்தர் சொல்றாரு" என்று கேட்டார். "நான் வேண்டிகினு இருக்கேன். சாமி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சாமியைப் பொய்க்குக் காவல் வைத்தேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்தேன். உன் உடம்புக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும்தான். அது உன் உடம்புக்காக இல்லை. அப்பா போகும்போதும் அவரிடம் சொல்லவில்லை. கடைசி வாரத்தில், "பாப்பாவ படி ஏற விடாத" என்று அவர் சொன்னார். தலையாட்டினேன்.

ஒரே ஒரு முறை சொல்லியிருக்க வேண்டிய இடம் வந்தது. நீ பதினொன்றாவது. மாமா வீட்டு விசேஷத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். சாயங்காலம் எல்லோரும் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, மாமாவின் கடைக்குட்டி செல்லா, மூன்று வயசு, எல்லோர் கண்ணையும் தப்பி அலைக்குள் இறங்கிவிட்டாள். மாமா எழுந்திருப்பதற்குள் நீ ஓடினாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த ஈர மணலில், இரண்டு வருஷம் ஓடாத கால் ஓடிற்று. குழந்தையை முடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். "அடியே, இன்னா ஓட்டம்டி! சிறுத்தையாட்டம் பூட்டியே!" என்று உன் மாமா, அதே உன் மாமா, கத்தினான். நீ குழந்தையை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாய். எதற்குக் காத்திருக்கிறாய் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே, "அம்மா, இன்னும் அடிக்குது. நின்னுடுமா?" என்று கேட்டாய். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் நீ அந்தக் குழந்தைக்காக ஓடியிருக்கிறாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஓடினால் எல்லோருக்கும் அப்படித்தான் அடிக்கும் என்று ஒரு வார்த்தை போதும். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். "நிக்காது. இனிமே ஓடாத" என்றேன். முன்னால் எழுதிய கடிதத்துக்காவது தம்பி, சீர், ஊர் என்று காரணம் சொல்லலாம். இந்த வார்த்தைக்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பது மட்டும்தான்.

அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. நீ மார்க் வாங்கினாய், என்ஜினியரிங் படித்தாய், சிறுசேரியில் வேலை கிடைத்தது. ஓடியாடாமல் உட்கார்ந்து படித்ததால்தான் முன்னுக்கு வந்தாள் என்று தெருவில் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் நீயாக, "எனக்கு ஹார்ட் வீக், சொல்லிடறேன்" என்றாய். நான் கதவுக்குப் பின்னால் பஜ்ஜித் தட்டோடு நின்றேன். அவர், "பரவால்லைங்க, நானும் மெதுவா நடக்கற ஆளுதான்" என்றார். இத்தனை வருஷமாக அந்த மனிதர் உனக்காக மெதுவாக நடக்கிறார். என் பொய்யை நம்பி உன்னிடம் அன்பாக இருந்தவர்கள் இரண்டு பேர், அப்பாவும் அவரும். செல்லா இப்போது அதே பள்ளிக்கூடத்தில் கோ கோ ஆடுகிறாள். உன் மாமா போன தீபாவளிக்கு வந்து, "எம்பொண்ணு ஸ்டேட் லெவல்க்கா" என்று செல்போனில் படம் காட்டினான். அரைக் கால்சட்டை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அப்பல்லாம் எனக்கு இன்னா தெரியும்க்கா" என்றான். பிறகு, "நம்ம ரேவதிக்கு மட்டும் ஹார்ட் நல்லா இருந்திருந்தா" என்றான். அவனுக்கும் தெரியாது.

நேற்று செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டுக்குப் போனேன். எஸ்தர் டீச்சர் ரிடையர் ஆகி ஏரிக்கரைப் பக்கம் இருக்கிறார். உனக்கு எழுதும் முன்னால் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதல் கேள்வியே, "பிள்ளைக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். சொன்னேன். முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. வரும்போது கையில் ஒரு பழுப்புக் காகிதம் இருந்தது. என் கையெழுத்து.

"இத இத்தன வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா, தெரியாமத்தான் ஓட விட்டேன்னு காட்டறதுக்கு" என்றார். என் கையில் கொடுத்தார். "எத்தன ராத்திரி ஜெபம் பண்ணிருக்கேன் தெரியுமா அவளுக்கு?" என்றார். நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது, பின்னால் நின்றுகொண்டு, "அப்படி ஓடுற பிள்ளைய அதுக்கப்புறம் நான் பாக்கலம்மா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்ட ரிப்போர்ட் அது ஒன்றுதான். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். ஆனால் எக்கோ எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. ஒன்றுமில்லை என்று நான் சொல்கிறேன் என்பதற்காக விட்டுவிடாதே. என் வார்த்தையை ஒருமுறை நம்பியது போதும், இந்த முறை அந்த மெஷின் சொல்லட்டும். மாப்பிள்ளையிடமும் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல். மறைக்காதே.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒன்றே ஒன்று. அது ஏதாவது ஒன்றுக்காகத் துடித்துக்கொண்டு வந்து நிற்கும். உனக்குப் பயமாக இருக்கும், அல்லது யாராவது நாலு பேர் ஏதாவது சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றினால், "எனக்குப் பயமா இருக்கு, அதனால வேண்டாங்கறேன்" என்று உன் பெயரிலேயே சொல். பிள்ளை சண்டை போடும். போடட்டும். சண்டை போட்டு ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும். என்னோடு சண்டை போட உனக்கு நான் வழியே வைக்கவில்லை. உன் உடம்பையே உனக்கு எதிராக நிறுத்திவிட்டு, நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இன்று புதன். கூரியரில் போட்டால் நாளைக்கு உன் கையில் கிடைத்துவிடும் என்றார்கள். சனிக்கிழமை நீ வர வேண்டும் என்று இல்லை. போனும் செய்ய வேண்டாம். செய்தால் எடுப்பேன், நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், காபி போட எழுந்துபோக மாட்டேன்.

மலைக்கோயில் ஞாபகம் இருக்கிறதா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பாவும் நானும் படி ஏறுவோம். உன்னை அடிவாரத்தில் பூக்காரம்மா கடைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது மூன்று ஜோடியையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, "மேல இருந்து கடல் தெரிஞ்சிதாம்மா?" என்று கேட்பாய். மேகமாக இருந்தது என்று சொல்லிவிடுவேன். மேகம் இல்லாத நாளில் கிழக்கே ஒரு கோடு போல ஏதோ தெரியும். அப்பா அதைக் கடல் என்பார். உனக்கு ஆசை வந்துவிடக்கூடாது என்று அப்படிச் சொன்னேன். குழந்தை பிறந்து, உடம்பு தேறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போய் ஏறிப் பார். நிற்காமல் ஏறு, மூச்சு வாங்கினால் வாங்கட்டும், எல்லோருக்கும் வாங்கும். என்னைக் கூப்பிட வேண்டும் என்று இல்லை. கூப்பிட்டால் வருகிறேன். ஏற மாட்டேன். கீழே உட்கார்ந்து உன் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா